எண்களுக்குக் கீழே நாலு வரி

குளத்தூர்
4.6.2024

மாமா,

இது லிஜி. கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் முழுவதும் வாசியுங்கள், அது போதும்.

போனில் உங்களைக் கூப்பிட்டுப் பயனில்லை. வாதம் வந்த நாளிலிருந்து உங்கள் பேச்சு பக்கத்தில் நிற்கிற எனக்கே பாதிதான் விளங்கும். நேரில் பார்க்கலாம் என்று போன மாதம் நீங்கள் இருக்கிற முதியோர் இல்லத்துக்கு வந்தேன். வாசலில் இருந்த காவல்காரர் ஒரு தாளைப் பார்த்துவிட்டு, "ஜீனா மேடம் எழுதித் தந்த பேரிலே ஒங்க பேரு இல்லியே" என்று சொல்லிவிட்டார். அவித்துக் கொண்டுவந்த மரச்சீனிக் கிழங்கை அவரிடமே கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். கிழங்கு கிடைத்ததா?

காரியத்துக்கு வருகிறேன். இங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு வருஷ பிராக்டிக்கல் நர்சிங் டிரெயினிங் தொடங்குகிறார்கள். பத்தாம் வகுப்பு போதும். வீட்டில் கிடக்கிற நோயாளியைப் பார்த்த அனுபவம் இருந்தால் முதலில் எடுப்பார்கள். வயது முப்பத்தைந்து தாண்டக் கூடாது. எனக்கு ஆகஸ்டில் தாண்டுகிறது மாமா. அடுத்த வருஷம் என்று ஒன்று எனக்கு இல்லை. ஜூலை இருபதுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

விண்ணப்பத்தோடு ஒரு சான்று வைக்க வேண்டும். நாம் பார்த்துக்கொண்ட நோயாளியோ அவர் வீட்டாரோ எழுதி, கவரில் போட்டு ஒட்டித் தர வேண்டும். அதில் ஒரு கேள்வி: இவரது பராமரிப்பில் நோயாளிக்குக் கேடு ஏதும் நேர்ந்ததா? நான் பார்த்த வீடு ஒன்றே ஒன்று, செங்கல் ஊரில் உங்கள் வீடு. ஜீனா அக்கா என் நம்பரை அடைத்து வைத்திருக்கிறார். அவர் இருக்கிற அயர்லாந்துக்குக் கடிதம் எழுத எனக்கு விலாசமும் தெரியாது.

மார்ச் மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் முன்னிலும் அக்கா என்னைப் பார்த்து, "விழுந்ததை மறைச்சு எனக்க அப்பாவை இந்தக் கோலத்துல ஆக்கிட்டியே" என்று கத்தினார். அப்போது நீங்கள் ஸ்டிரெச்சரில் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அது மயக்கமா, வேறு ஏதாவதா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு தாள்தான் மாமா.

லிஜி


நெய்யாற்றின்கரை
11.6.2024

மக்களே லிஜி,

கிழங்கு வரவில்லை. காவல்காரன் தின்றிருப்பான். அவன் வயிறாவது நன்றாக இருக்கட்டும்.

எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நீ பழக்கிவிட்ட இடது கைதான். இங்கே ஷாலு என்று ஒரு நர்ஸ் உண்டு, திருச்சூர்க்காரி. கை மரத்துப் போகாமல் இருக்கத் தினம் ஒரு பக்கம் எழுத வைக்கிறாள். எழுதினதைத் தபாலில் போடுவதும் அவளேதான். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதனால் தைரியமாக எழுதுகிறேன்: இங்கே சாம்பார் வெறும் தண்ணீர், பக்கத்துக் கட்டில்காரன் பல்லைக் கழற்றி என் தம்ளரில் போடுகிறான்.

வாக்கரைப் பிடித்துப் பதினோரு அடி நடக்கிறேன். இடுப்பில் வைத்த கம்பி மழைக்கு இழுக்கிறது.

சான்று பற்றிக் கேட்டாய். உன்னை வேலைக்கு வைத்தது ஜீனா. கேட்க வேண்டியது அவளிடம். நான் பயணி மட்டும்தான். முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தேன், ஒரு பயணிகூட எனக்கு சர்ட்டிபிகேட் தந்ததில்லை. பயணியிடம் கேட்கிற வழக்கம் எங்கேயும் கிடையாது.

ஜினு பள்ளிக்கூடம் போகிறாளா? சத்தியராஜுக்கு டைல்ஸ் வேலை உண்டா?

ரெத்தினதாஸ்


குளத்தூர்
15.6.2024

மாமா,

ஜினு ஏழாம் வகுப்புக்குப் போகிறாள். அவள் அப்பாவுக்கு வேலை உண்டு. நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. கண்ணை மூடினது ஏன் என்பதற்கும் இல்லை.

ஒரு கணக்கும் ஒத்து வரவில்லை. நானே ஒரு முறை எழுதிப் பார்க்கிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள்.

ஒரு வருஷம் பத்து மாதம், ஒரு நாள் விடாமல் நோட்டு எழுதினேன். மேலே பிரஷர், சுகர், சூடு. அதெல்லாம் எண். கீழே நாலு வரி தமிழில், அன்றைக்கு நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள், என்ன செய்தீர்கள் என்று. சாயந்தரம் ஆறு மணிக்கு அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஜீனா அக்காவுக்கு அனுப்புவேன். பார்த்துவிட்டதாக அக்கா ஒரு கட்டைவிரல் படம் போடுவார். போட்டோ எல்லாம் இப்போதும் என் போனில் கிடக்கிறது. மார்ச் நாலாம் தேதிப் பக்கத்தை அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

'நாலு மணிக்குப் பூவார் பஸ்ஸின் ஆரன் கேட்டு மாமா தனியாக எழுந்து வாசல் கேட்டுக்குப் போனார். படியில் விழுந்தார். வலது இடுப்பு வலிக்கிறது என்கிறார். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிறார், அக்கா சொன்னால் கேட்பார்.'

ஆறு இருபதுக்குக் கட்டைவிரல் வந்தது!

நான் போனில் கூப்பிடத்தான் நினைத்தேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விளிக்காண்டாம் பிள்ளே, அவ டியூட்டியிலயாக்கும். நோட்டுல எழுதினா போதும்" என்று திக்கித் திக்கிச் சொன்னீர்கள். அந்தப் பேச்சு எனக்கு விளங்கியது. அன்று தொடங்கி ஒன்பது நாளும் எழுதினேன். காலை இழுக்கிறார் என்று எழுதினேன். கக்கூசில் அலறினார் என்று எழுதினேன். ஒன்பது கட்டைவிரல் வந்தது. பதிமூன்றாம் தேதி நீங்கள் எழுந்து நிற்க முடியாமல் போய், படம் எடுத்து, எலும்பு உடைந்து விலகியிருக்கிறது என்று தெரிந்தது. அக்கா பறந்து வந்தார். "எழுதியிருந்தேனே அக்கா" என்றேன். "ஏசு மேல ஆணை, நீ ஒண்ணும் சொல்லல்ல" என்றார்.

ஏசு மேல் ஆணை வைக்கிற ஆள் பொய் சொல்வாரா? சொல்லவில்லை என்றால் நான் எழுதினது எங்கே போயிற்று? யோசித்து யோசித்து, எழுதவே இல்லையோ என்று எனக்கே சந்தேகம் வந்து இன்றைக்கு மூன்று முறை போனைத் திறந்து பார்த்தேன். எழுத்து அங்கேதான் இருக்கிறது.

லிஜி


நெய்யாற்றின்கரை
24.6.2024

மக்களே,

பழைய காரியத்தை எதற்குத் தோண்டுகிறாய். எலும்பு கூடிவிட்டது.

நான் ஒரு வழி சொல்கிறேன். நீ செங்கல் வீட்டுக்குத் திரும்பி வா. ஜீனாவிடம் பேசி என்னையும் அங்கே கொண்டுபோகச் சொல்கிறேன். நீ வருவதாக எழுதிக் கொடு, சான்றும் நான் எழுதித் தருகிறேன். நல்லதாக எழுதுகிறேன். கேடு ஒன்றும் நேரவில்லை என்றே எழுதுகிறேன்.

இந்த வயதில் உனக்கு என்ன டிரெயினிங்? உனக்குத் தெரியாததா? என் முதுகில் ஒரு புண் வராமல் பார்த்தாய். அதைப் படிக்கப் போய் ஒரு வருஷத்தைத் தொலைத்துவிட்டு, பிறகு வேறு ஏதோ கிழவனைப் பார்க்கப் போவாய். எனக்குக் கோபம் வருகிறது. இதோடு நிறுத்துகிறேன்.

சொன்னதை யோசி.

ரெத்தினதாஸ்


குளத்தூர்
29.6.2024

மாமா,

யோசித்தேன். வர மாட்டேன்.

கேடு நேரவில்லை என்று பொய்யாக ஒரு தாள் தந்தால் எனக்கு என்ன ஆகும் என்று தெரியுமா? ஒரு நாள் ஜீனா அக்கா அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டால் போதும், என்னை வெளியே நிறுத்திவிடுவார்கள். மறைத்தவள் என்ற பேர் அப்போது நிஜமாகிவிடும். எனக்கு வேண்டியது நடந்தது நடந்தபடி ஒரு எழுத்து.

எனக்கு என்ன டிரெயினிங் என்று கேட்டீர்கள். இப்போது நான் பூவாரில் ஒரு ரிசார்ட்டில் படுக்கை விரிப்பு துவைக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். படகில் சுற்றிவிட்டு வருகிறவர்கள் அழுக்காக்கின விரிப்பு. அதில் ஒரு கறையைப் பார்த்தால் அந்த ஆளுக்கு என்ன நோய் என்று மனம் தன்னாலே யோசிக்கிறது. சூப்பர்வைசர் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் இடுப்பு உடைந்து கிடந்த ஒன்பது நாளும் அது உடைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தான் போகிறேன். வேறு கிழவனைப் பார்க்க அல்ல.

இனி நான் எழுதப் போவது வேறு ஒரு காரியம். வியாழக்கிழமை எனக்கு வேலை முடிய நேரமாகும் என்று காலையிலேயே சாமான் லிஸ்ட் எழுதி ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டுப் போனேன். அரிசி 2, தேங்காய் எண்ணெய் 1, உள்ளி ½, தீப்பெட்டி 1. ஜினு பள்ளிக்கூடம் விட்டு வந்து கடைக்குப் போனாள். நான் வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் பிஸ்கட் பாக்கெட் இரண்டு, ஷாம்பு ஒன்று, மிக்சர் அரை கிலோ, பேனா ஒன்று!

நல்ல ஏச்சு கொடுத்தேன். அவள் அழவில்லை. "அம்மா, நீ தமிழ்லல்லா எழுதி வச்சே. எனக்கு நம்பர் மட்டுந்தான் மனசிலாச்சு. பாக்கியை ஊகிச்சு வாங்கினேன்" என்றாள்.

"மனசிலாகல்லண்ணா எனக்கு ஒரு போன் விளிச்சுக் கேக்கப்படாதா?"

"வழக்கமா வாங்குற சாமான்தானே இருக்கும்ணு நெனச்சேன்."

என் வயிற்றில் பிறந்த பிள்ளை. வீட்டில் நாள் முழுவதும் என்னோடு தமிழில்தான் பேசுகிறாள். படிப்பது மலையாளத்தில். தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஏழு வருஷமாகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற எனக்கு இது தோன்றவே இல்லை பாருங்கள். சத்தியராஜ் பிஸ்கட்டைத் தின்றுகொண்டு சிரித்தார். நான் ஷாம்பு பாட்டிலைக் கையில் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாமா, ஜீனா அக்காவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா?

லிஜி


குளத்தூர்
6.7.2024

ஒரு வாரமாகப் பதில் இல்லை. அப்படியானால் தெரியாது என்றுதான் அர்த்தம். அது உங்களுக்குத் தெரியும் என்றும் அர்த்தம். இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள், நம்புகிறேன்.

லிஜி


நெய்யாற்றின்கரை
8.7.2024

லிஜி,

இல்லை என்று எழுத முடியாது.

ஜீனாவை மலையாளம் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். பிறகு இங்கிலீஷ். சர்ச்சில் தமிழ்ப் பாட்டைக்கூட மலையாள எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடுவாள். பேசினால் உன்னையும் என்னையும் போலத் தமிழ் பேசுவாள், அதனால் யாருக்கும் இது தோன்றாது. உனக்கும் தோன்றவில்லை.

நீ வேலைக்கு வந்த முதல் நாள், "மாமா, நோட்டு மலையாளத்துல எழுதட்டா தமிழ்ல எழுதட்டா" என்று கேட்டாய். எது உனக்குக் கை ஓடுமோ அதில் எழுது என்று சைகை காட்டினேன். அதில் கள்ளம் இல்லை. நீ தமிழ் பள்ளிக்கூடத்தில் படித்தவள், எனக்கும் வாசிக்கலாம் என்று நினைத்தேன். அந்த மட்டும் நான் நல்லவன்.

ஒரு வாரம் கழித்து வீடியோவில் ஜீனா கேட்டாள்: "அப்பா, நம்பருக்குக் கீழ தமிழ்ல என்னவாக்கும் எழுதியிருக்கு?" அன்றைக்கு நான் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் ஒரு பீடி குடித்திருந்தேன். நீ அதைக் கண்டு எழுதிவிட்டாய். வாதம் வந்த பிறகு என் வாயில் ஒரு சொல் ஒழுங்காக வராது, உனக்கே தெரியும். அன்றைக்கு ஒரே சொல் கண்ணாடி போலத் தெளிவாக வந்தது.

"வசனம்" என்றேன்.

நீ தினம் ஒரு வேத வசனம் எழுதி அனுப்புகிறாய் என்று அவள் நம்பிவிட்டாள். "லிஜி நல்ல பக்தியுள்ள பிள்ளையாக்கும்" என்று சந்தோஷப்பட்டாள். அவள் போட்ட கட்டைவிரல் எல்லாம் பிரஷருக்கும் வசனத்துக்கும். பீடிக்கு, பாயசத்துக்கு, மாத்திரையை நான் ஜன்னல் வழியே எறிந்ததற்கு, எல்லாவற்றுக்கும் ஆமென் போட்டிருக்கிறாள் பாவம்.

நான் ஏன் அப்படிச் செய்தேன்? முப்பது வருஷம் பஸ் நிறையப் பேரை அதட்டி அடக்கினவன், கடைசியில் ஒரு போனுக்குள் இருந்து மகள் அதட்ட நடந்தேன். அவள் காணாத ஒரு சந்து எனக்கு வேண்டியிருந்தது. உன் நாலு வரிதான் அந்தச் சந்து. விழுந்த அன்றைக்கு நான் பயந்துவிட்டேன். இது அவளுக்குத் தெரிந்தால் என்னைக் கொண்டுபோய் ஒரு இல்லத்தில் போட்டுவிடுவாள் என்ற பயம். நோட்டில் எழுது போதும் என்று சொன்னேன். நீ எழுதுவது அவளுக்கு எட்டாது என்று தெரிந்தே சொன்னேன். எந்த இல்லத்துக்குப் பயந்தேனோ அங்கே கிடந்துதான் இதை எழுதுகிறேன்.

ஸ்டிரெச்சரில் எனக்கு மயக்கம் இல்லை.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. ஜீனா அயர்லாந்துக்குத் திரும்பும் முன் என் துணிப்பெட்டியில் அதையும் வைத்துவிட்டாள், வசனம் வாசிக்கட்டும் என்று.

ஒரு வாரமாக எழுதவில்லை என்று ஷாலு பிணங்கிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு மூன்று பக்கம் எழுதினதைக் கண்டு கை தட்டுகிறாள். அவளுக்கு என்ன தெரியும்.

ரெத்தினதாஸ்


குளத்தூர்
11.7.2024

மாமா,

உங்கள் கடிதத்தை ரிசார்ட்டுக்குப் பின்னால் நின்று வாசித்தேன். வாசித்து முடித்ததும் பக்கத்தில் இருந்த வாளியைக் காலால் உதைத்தேன். கால் வீங்கிவிட்டது. கொள்ளாம், எனக்கு வேண்டியதுதான்.

நான் கர்த்தரிடம் என்ன பிரார்த்தனை செய்தேன் தெரியுமா? ஜீனா அக்காவின் கள்ள நாக்குக்கு ஒரு பாடம் கற்பியும் என்று. நாலு மாதம்! அந்தப் பாவம் யார் கணக்கில் மாமா? ஊரில் என்னைப் பார்க்கிற பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். சபையில் ஒருத்தி, "வயசானவரைத் தள்ளி விட்டவளாம்" என்று என் காதுபடச் சொன்னாள். மறைத்தவள் தள்ளிவிட்டவளாக ஆகிவிட்டாள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தீர்கள்.

இதை எழுதி நேற்றே தபாலில் போட்டிருப்பேன். போடவில்லை. கோபம் கொஞ்சம் இறங்கினதும் வேறு ஒன்று தலை தூக்கியது. அதுதான் என்னை இன்னும் குழப்புகிறது.

நான் உங்கள் பக்கத்தில் இருந்தேனே. அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. எனக்குப் பார்க்கத் தெரியும் அல்லவா? நீங்கள் காலை இழுத்ததை நான் கண்டேன். கக்கூசில் அலறினதை நான் கேட்டேன். ஆட்டோ கூப்பிட்டு உங்களைத் தூக்கிப் போட்டுக் கொண்டுபோயிருக்கலாம். நீங்கள் ஏசுவீர்கள் என்று பயம். அக்கா ஒரு கட்டைவிரல் போட்டதும், அப்பாடா, இனி அவர் பாடு என்று எனக்குள் ஒரு ஆள் போய்ப் படுத்துக்கொண்டாள். எழுதி அனுப்பினேன், என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். இதை இதுவரை சத்தியராஜிடம்கூடச் சொல்லவில்லை.

அப்படியானால் நான் குற்றம் உள்ளவளா, இல்லாதவளா? இந்த வேலைக்கு நான் கொள்ளாதவளோ? விண்ணப்பத்தை எழுதி முடித்துவிட்டேன், கையெழுத்துப் போட மட்டும் கை போகவில்லை.

சான்று எழுதுங்கள். என்னைப் புகழ வேண்டாம். உங்கள் தப்பையும் எழுதுங்கள், என் தப்பையும் எழுதுங்கள். எதை எடுக்க வேண்டும், எதைத் தள்ள வேண்டும் என்று அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இனி ஒன்பது நாள்தான் இருக்கிறது.

லிஜி


நெய்யாற்றின்கரை
16.7.2024

மக்களே,

இதோடு ஒரு கவர் உண்டு. ஒட்டியிருக்கிறது. ஒட்டித்தான் தர வேண்டும் என்று நீயே எழுதினாய், அதனால் பிரிக்காதே. நீ கேட்டபடியே எழுதியிருக்கிறேன். எனக்கு இந்தக் கையால் தமிழ் மட்டும்தான் வரும், தமிழில்தான் இருக்கிறது. உள்ளே இருப்பதை வாசித்தால் உனக்கு என் மேல் கோபம் வரலாம். வரட்டும், பழக்கமானதுதானே.

ஜீனாவிடம் சொன்னேன். சொன்ன விதத்தைக் கேள். வீடியோவில் வாயால் சொல்லிப் பார்த்தேன். "என்னப்பா? வெள்ளம் வேணுமா?" என்று கேட்டாள். மறுபடி சொன்னேன். "ஷாலு, அப்பாவுக்கு வெள்ளம் குடு" என்றாள். இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தேன். பிறகு ஷாலுவிடம் சைகை காட்டி, "லிஜி எல்லாம் எழுதியிருந்தாள், நான் பொய் சொன்னேன்" என்பதை மலையாளத்தில் எழுதித் தரச் சொன்னேன். அவளுக்கு அதைப் புரியவைக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. மலையாளம் எனக்கு முப்பது வருஷம் பஸ் போர்டில் பார்த்த எழுத்து, ஆனால் கையால் எழுதிப் பழக்கம் இல்லை. அவள் எழுதினதைப் பார்த்து இடது கையால் பெரிதாக என் கைப்படவே வரைந்தேன். இரண்டு நாள் ஆயிற்று. நேற்று அந்தத் தாளை போனுக்கு நேரே பிடித்தேன். பக்கத்தில் நோட்டையும் பிடித்தேன்.

ஜீனா ரொம்ப நேரம் பார்த்தாள். போனை வைத்துவிட்டாள். கோபமா, அழுகையா, லைன் கட்டானதா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்றைக்குக் கூப்பிடவும் இல்லை.

நீ கையெழுத்துப் போடு. போய் இடம் கேள்.

ரெத்தினதாஸ்


குளத்தூர்
11.8.2024

மாமா,

தாமதத்துக்கு மன்னியுங்கள். எழுத நிறைய இருக்கிறது, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்தேன்.

ஜூலை இருபத்தொன்பதாம் தேதி இன்டர்வியூ. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த பிரின்சிபல் மேடம் கோட்டயத்துக்காரர். நரைத்த தலை, சிரிக்காத முகம். என் முன்னால்தான் உங்கள் கவரைக் கிழித்தார். தாளை விரித்தார், திருப்பினார், பக்கத்தில் இருந்த டாக்டரிடம் காட்டினார். அவரும் தலையை ஆட்டினார். மூன்று பேருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியவில்லை!

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எங்கே போனாலும் இந்தக் கதைதானா ஏசப்பா என்று நினைத்தேன்.

மேடம் தாளை என்னிடமே நீட்டினார். "நீங்களே வாசித்து மலையாளத்தில் சொல்லுங்கள்" என்றார்.

நின்றுகொண்டே வாசித்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் பார்த்து மலையாளத்தில் சொன்னேன். ஒரு வருஷம் பத்து மாதம் பார்த்தாள், முதுகில் ஒரு புண் வரவில்லை, செத்துப் போன என் கைக்குப் பதில் மற்றக் கையை எழுதப் பழக்கினாள் என்று எழுதியிருந்தீர்கள். கேடு நேர்ந்ததா என்ற கேள்விக்கு நேர்ந்தது என்று எழுதியிருந்தீர்கள். சொல்லாமல் எழுந்து நடந்தது என் குற்றம், மகளுக்கு எட்டாத எழுத்தில் எழுத விட்டது என் குற்றம் என்று முதல் பக்கம் முடிந்தது. டாக்டர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். பக்கத்தைத் திருப்பினேன்.

'இனி லிஜியின் குற்றம்' என்று இருந்தது.

கீழே ஏழெட்டு வரி. கண் ஓடி முழுவதையும் ஒரு நொடியில் பார்த்துவிட்டது. அங்கே இருந்த யாருக்கும் ஒரு எழுத்து தெரியாது. முடிந்தது மேடம், கீழே கையெழுத்துதான் என்று சொல்லிவிட்டு உட்காரலாம். சொல்ல வாயைத் திறந்தேன் என்பதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

பிறகு வாசித்தேன். "ஒன்பது நாள் நான் காலை இழுப்பதை இவள் கண்டாள். ஆறாம் நாள் நான் அலறினதைக் கேட்டாள். என்னைக் கட்டி இழுத்தாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். நான் ஏசுவேன் என்று பயந்து, எழுதினால் போதும் என்று இருந்துவிட்டாள். பயப்படுகிற நர்சுக்கு நோயாளி முதலாளி ஆகிவிடுவான். இவளுடைய பயத்தை மாற்ற உங்களால் முடியும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால் வேண்டாம்."

ஒரு வரி விடவில்லை.

மேடம் தாளைத் திரும்ப வாங்கி, தெரியாத அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தக் கடைசிப் பகுதியை நீங்கள் விட்டிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காதே" என்றார்.

"ஆமா மேடம். ஜீனா அக்காவுக்கும் ஒம்பது நாளு தெரியாமத்தான் இருந்துச்சு" என்றேன். பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டேன். ஆனாலும் மேடத்துக்கு விளங்கிவிட்டது.

இரண்டாம் தேதி பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள். இருபது பேர். பதினான்காவது பெயர் நான். சத்தியராஜ் பட்டியலை போட்டோ எடுத்துத் தன் அக்காமார் எல்லாருக்கும் அனுப்பினார். வருகிற வெள்ளிக்கிழமை வகுப்பு தொடங்குகிறது. அதற்கு இரண்டு நாள் கழித்து எனக்கு முப்பத்தைந்து முடிகிறது. முதல் வகுப்பு நோயாளி ரெக்கார்டு எழுதுவது பற்றி என்று அட்டவணையில் போட்டிருக்கிறது. ஜினுவிடம் மலையாளக் கையெழுத்துப் பழகுகிறேன். நான் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இப்போதைக்குக் கடைச் சாமான் மட்டும் வாசிப்பாள்.

இனி முக்கியமான காரியம். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு வெளிநாட்டு நம்பர் வந்தது. எடுத்தேன். "லிஜி, நான் ஜீனாவாக்கும்" என்று குரல் கேட்டது. அக்கா மன்னிப்பு கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. என் மேல் கோபம் போய்விட்டதா என்றும் எனக்கு விளங்கவில்லை. கேட்டது இது ஒன்றுதான்: "அந்த போட்டோ எல்லாம் ஒனக்க போன்ல உண்டா?"

"உண்டு அக்கா."

"கீழ உள்ள நாலு வரியை வாசி. மொதல் நாளிலேருந்து."

அன்றைக்குத் தொடங்கினோம் மாமா. தினம் அக்காவின் டியூட்டி முடிந்ததும் கூப்பிடுகிறார். நான் வாசிக்கிறேன், அவர் கேட்கிறார். கல்லுக்குப் பின்னால் குடித்த பீடிக்கு நல்லபடி ஏசினார். நீங்கள் முதன்முதலில் இடது கையால் ஜீனா என்று எழுதின நாள் வந்தபோது நிறுத்தச் சொல்லி, திரும்பவும் வாசிக்கச் சொன்னார். சில நாள் அக்கா மூக்கை மட்டும் உறிஞ்சுவார், நான் அடுத்த பக்கத்துக்குப் போவேன். இல்லத்துத் தாளில் என் பெயரைச் சேர்க்கச் சொல்லிவிட்டாராம். அடுத்த சனிக்கிழமை வாறேன். கிழங்கை நானே கையில் தருகிறேன்.

நேற்று முதல் வருஷத்து செப்டம்பர் முடிந்தது. இந்த வாரக் கடைசியில் டிசம்பர் வரும். சர்க்கரை முந்நூறு இருந்த கிறிஸ்மஸ் அன்று அடுத்த வீட்டு பிளம் கேக்கில் பாதியை நீங்கள் தலையணைக்கு அடியில் வைத்துத் தின்றது அதில் வருகிறது. அதற்கு முன்னே நீங்களே அக்காவிடம் எப்படியாவது சொல்லிவிடுங்கள். நான் ஒரு வரியும் விட மாட்டேன்.

லிஜி